புழுவுக்குச் சோறு போடும் வீடுகள்! பட்டினி கொல்வதில்லை, பாசம்தான் கொல்கிறது!

கத்திரி வெயிலில் காப்பாற்றுவது எப்படி?

சென்னை, ஏப்.20–

சென்னையில் பல வீடுகளில் ஒரு புதுப் பிராணி வளர்கிறது. அது குரைக்காது. பால் கேட்காது. வாசலுக்கு வந்து வாலாட்டாது. இருட்டில் கிடந்தபடியே காய்கறித் தோலைத் தின்று, உரமாக்கித் தருகிறது.

மண்புழுதான் அது!

மாடிப்படிக்குக் கீழே, பால்கனி மூலையில், பாத்ரூம் பக்கத்துச் சந்தில் ஒரு பிளாஸ்டிக் டப்போ பழைய மண் தொட்டியோ வைக்க இடம் இருந்தால் போதும். புழுப் பண்ணை தயார். எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு கிலோ புழு ஒரு நாளில் அரைக் கிலோ கழிவைத் தின்று தீர்த்துவிடும்.

ஆனால், ஆசை ஆசையாகத் தொடங்கியவர்களில் பலர் மூன்றாவது மாதமே டப்பைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள். கேட்டால், "எல்லாம் செத்துப் போச்சுங்க" என்ற பதில்தான் வருகிறது.

தீனி இல்லாமல் செத்த புழு அபூர்வம். அளவுக்கு மீறிப் போட்ட தீனியும், ஏப்ரல், மே வெயிலும் கொன்றவைதான் அதிகம்!

பெருங்குடி மலை

சென்னை மாநகரம் நாள் ஒன்றுக்கு 5 ஆயிரம் டன்னுக்கு மேல் குப்பை கொட்டுகிறது. அதில் ஏறக்குறைய பாதி, மக்கும் குப்பை. கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், மிச்சச் சோறு, வாடிய பூ எல்லாம் இதில் அடக்கம்.

இந்த ஈரக்குப்பை, பிளாஸ்டிக் பைக்குள் கட்டப்பட்டு வண்டி ஏறும்போதுதான் வம்பு தொடங்குகிறது. நாற்றம் அதிலிருந்துதான் வருகிறது. ஈயும் எலியும் தெருநாயும் தேடி வருவது அதைத்தான். பையைக் கிழித்து உள்ளே கைவிட்டுப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில் ஒட்டுவதும் அதுதான்.

காகிதமும் பாட்டிலும் காய்ந்து இருந்தால் காயலான் கடையில் காசு. அதன் மேலே நேற்றைய சாம்பார் கொட்டிவிட்டால் அதுவும் வெறும் குப்பை!

மேட்டில் போய்ச் சேர்ந்த பிறகும் விடுவதில்லை. காற்றுப் புகாத அடுக்குகளுக்குள் அழுகி, மீத்தேன் வாயுவை விடுகிறது. தீப்பிடிக்கும் வாயு அது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்ததே, அந்தத் தீயை அணைக்க நாள் கணக்கில் ஆயிற்று. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் புகையில் திண்டாடினார்கள்.

அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயேதான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் இடம். அதே 2022-ல்தான் அது ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தது. ஒரு பக்கம் உலகப் பெருமை. மறு பக்கம் ஊர்க் குப்பை!

வடசென்னையில் கொடுங்கையூர் கதையும் இதேதான். பல்லாண்டு காலம் கொட்டியதைத் தோண்டி, சலித்து, பிரித்து எடுக்க மாநகராட்சி பல நூறு கோடி ரூபாய்த் திட்டம் போட வேண்டியதாயிற்று. கொட்டியது இலவசம், அள்ளுவதற்குக் கோடி!

ஒரு வீட்டின் ஈரக்குப்பை வீட்டோடு நின்றுவிட்டால், அந்த வீட்டு வாசலில் வண்டிக்காரருக்குக் கிடைப்பது காய்ந்த சாமான் மட்டும்தான். புழுவின் வேலை இங்கேதான் வருகிறது.

கழுநீர்ப் பானை

இதெல்லாம் சென்னைக்குப் புதிதில்லை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி களைந்த தண்ணி, காய்கறித் தோல், சோறு வடித்த கஞ்சி எல்லாம் அதில் விழும். சாயந்திரம் மாட்டுக்காரர் வந்து ஊற்றிக்கொண்டு போவார். மறுநாள் அதே மாட்டின் பால் வீட்டுக்கு வரும். குப்பை என்ற பேச்சே குறைவு.

மாட்டுக்காரர் போனார், பாக்கெட் பால் வந்தது. பானையும் போயிற்று. இன்று தெருவில் திரியும் மாடு பிளாஸ்டிக் பையோடு சேர்த்துத் தின்கிறது.

மாடு கட்ட இடமில்லாத பிளாட்டில் புழுவாவது கட்டலாம் என்பதுதான் இப்போதைய கணக்கு.

மாமியார் சந்தேகம்

"கருமம், புழுவைப் போய் யாராவது வீட்டுக்குள்ள வச்சிக்குவாங்களா?" என்று மாமியார் முகம் சுளிப்பதும், "நாறவே நாறாது அத்தை, பாருங்க" என்று மருமகள் மூடியைத் திறந்து காட்டுவதும் இந்த வீடுகளில் நடக்கிற சமாசாரம்.

உண்மையில் நல்ல புழுத் தொட்டி நாறக்கூடாது. முதல் மழை பெய்ததும் மண்ணிலிருந்து ஒரு வாசனை கிளம்புமே, அந்த வாசனைதான் வர வேண்டும். இரண்டுக்கும் காரணம் மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்களே. தொட்டி நாறினால், உள்ளே ஏதோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

மண்புழு கடிக்காது. அதற்குப் பல்லே கிடையாது! கோழிக்கு இருப்பதுபோல வயிற்றுக்குள் ஓர் அரைவைப் பை உண்டு. கூடவே விழுங்கிய மணலை வைத்துத்தான் அரைக்கிறது. கண் கிடையாது, ஆனால் வெளிச்சம் பட்டால் ஓடும். மூக்கு கிடையாது, தோலால் மூச்சு விடும். அந்தத் தோல் ஈரமாக இருந்தால்தான் மூச்சு. காய்ந்தாலும் சாவு, தண்ணீர் தேங்கிக் காற்று அடைபட்டாலும் சாவு.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே சந்தேகம்தான்: "வெட்டினா ரெண்டு புழு ஆகுமாம்மா?" ஆகாது. தலைப் பக்கம் சில சமயம் பிழைக்கும். அதோடு சரி.

காது? அதுவும் இல்லை. பரிணாமத் தத்துவம் சொன்ன சார்லஸ் டார்வின் 40 ஆண்டுகளுக்கு மேல் மண்புழுவைக் கவனித்து 1881-ல் ஒரு புத்தகமே எழுதினார். சத்தம் போட்டுப் பார்த்தார், குழல் ஊதிப் பார்த்தார், புழு அசையவில்லை. புழுத் தொட்டியைப் பியானோ மேலே தூக்கி வைத்து வாசித்தபோது மட்டும் வளைக்குள் பாய்ந்தது! சத்தம் கேட்கவில்லை, அதிர்வு தெரிந்துவிட்டது. எனவே, தண்ணீர் மோட்டார் பக்கத்திலும் வாஷிங் மெஷின் மேலும் டப்பை வைக்காமல் இருப்பது நல்லது.

டார்வின் புத்தகம் வந்து பத்தே ஆண்டில், 1891-ல், தமிழிலும் மண்புழுவுக்கு மரியாதை கிடைத்துவிட்டது. தமிழ்த்தாய் வாழ்த்து எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, தம் நாடகத்திலே 'நாங்கூழ்' என்று பெயர் சொல்லி அதன் உழைப்பைப் புகழ வைத்திருக்கிறார்.

எந்தப் புழு?

மழைக்கு வெளியே வரும் புழுவையெல்லாம் பிடித்துப் போட்டால் வேலைக்கு ஆகாது. மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டி வாழும் ஜாதி உண்டு. அது டப்புக்குள் அடங்காது. மேலே கிடக்கும் சருகையும் சாணியையும் தின்னும் ஜாதிதான் இதற்குத் தேவை.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று ஐசினியா பெடிடா என்ற சிவப்புப் புழு. இன்னொன்று யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்கப் புழு. முதல் ஜாதிக்குக் குளிர்ச்சி பிடிக்கும். இரண்டாவது சூட்டைக் கொஞ்சம் தாங்கும். தமிழ்நாட்டில் உரப் பண்ணைகளில் அதிகம் காணப்படுவது இதுதான். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற நம் நாட்டுப் புழுவும் இந்த வேலைக்கு நன்றாக வரும்.

சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களை வைத்தே உரம் தயாரிக்கும் முறையை ஊர் ஊராகப் பரப்பியவர். மண்புழு என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவருடையதுதான்.

வேளாண் பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையங்கள், உரப் பண்ணைகளில் புழு எடைக்கணக்கில் கிடைக்கும். முதலில் கால் கிலோ போதும். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே மோதிரம் மாட்டியதுபோல ஒரு பட்டை தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்தப் பட்டை இருந்தால் வயசுக்கு வந்த புழு. மண்புழுவில் ஆண், பெண் பேதம் இல்லை, ஒவ்வொன்றும் இரண்டும்தான். ஆனாலும் ஜோடி சேர்ந்துதான் பொதுவாக முட்டைக் கூடு இடும். மஞ்சள் நிறத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, குட்டி எலுமிச்சம்பழம்போல இருக்கும் அந்தக் கூட்டை அழுக்கு என்று நினைத்து எறிந்துவிடக் கூடாது. ஒரு கூட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் இருக்கும்!

படுக்கை போடுவது

டப்பு இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓர் அடி ஆழம் இருந்தால் ஒரு சின்னக் குடும்பத்துக்கு ஆரம்பத்துக்குப் போதும். ஆழம் அதிகம் வேண்டாம். புழு மேலாகத்தான் மேயும்.

அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. பக்கவாட்டில் மேலே சில ஓட்டை. டப்பை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு.

உள்ளே முதலில் உடைந்த செங்கல் துண்டு இரண்டு அங்குலம். அதன்மேல் மணல் ஓர் அங்குலம். தண்ணீர் வடிவதற்கு இது. அதற்கு மேல்தான் புழுவின் படுக்கை: கிழித்து நனைத்த செய்தித்தாள், காய்ந்த இலை, தென்னை நார்க் கழிவு, இரண்டு கைப்பிடி தோட்ட மண், பழைய சாணி.

நார்க் கழிவில் சில சமயம் உப்பு இருக்கும். இரண்டு தடவை அலசிப் பிழிய வேண்டும். சாணியோ, போட்ட அன்றே எடுத்து வந்த பச்சைச் சாணியாக இருக்கக் கூடாது. அது சூடு பிடித்துப் புழுவை வேக வைத்துவிடும். பத்துப் பதினைந்து நாள் ஆறிய சாணிதான் சரி.

ஈரம் எவ்வளவு? ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் தண்ணி ஜாஸ்தி. உதிர்ந்தால் குறைச்சல். இட்லி மாவுப் பதம், தோசை மாவுப் பதம் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு நாளில் கைவந்துவிடும்.

குழாய்த் தண்ணியில் குளோரின் வாசனை அடித்தால் ஒரு ராத்திரி வைத்திருந்து தெளிக்கலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணியை மட்டும் தெளிக்கவே கூடாது. உப்பு அத்தனையும் அதில்தான் இருக்கிறது.

படுக்கை போட்ட உடனே புழுவை விடாமல், இரண்டு வாரம் ஈரத்தோடு மக்க விட வேண்டும். உள்ளே கையை விட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்றால் விடலாம். முதல் இரண்டு ராத்திரி டப்புக்கு மேலே ஒரு பல்பு எரியட்டும். புது இடம் பிடிக்காமல் இருட்டில் வெளியே ஓடும் புழு, வெளிச்சத்தைக் கண்டால் உள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

ஒரு கைப்பிடி போதும்!

இனிதான் முக்கியமான கட்டம்.

நாலு பேர் உள்ள வீட்டில் தினமும் அரைக் கிலோ தோலும் தண்டும் விழலாம். டப்பில் இருப்பதோ கால் கிலோ புழு. நல்ல நிலையில் இருந்தாலே அது 100, 125 கிராம்தான் தின்னும். புது இடத்தில் முதல் வாரம் அதுகூடத் தின்னாது.

மீதி நானூறு கிராம்? அங்கேதான் தப்பு நடக்கிறது. "தின்னட்டும் பாவம்" என்று அத்தனையையும் கொட்டிவிடுகிறார்கள். தின்னாத தீனி அழுகுகிறது, சூடு கிளம்புகிறது, புளித்துத் தண்ணீர் விடுகிறது. புழு மூடிக்கு ஏறி வந்து தப்பிக்கப் பார்க்கிறது. "பாருங்க, எவ்வளவு சுறுசுறுப்பு" என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். மூன்றாம் நாள் டப்பு நாறுகிறது.

முதல் மாதம் நாளுக்கு ஒரு கைப்பிடி போதும். போட்டது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த பிறகுதான் அடுத்த கைப்பிடி. மீதியைச் சாதாரண மக்குத் தொட்டி ஒன்றில் சருகோடு சேர்த்துப் போட்டு வைக்கலாம். பாதி மக்கியதை எடுத்துப் புழுவுக்குப் போட்டால் இன்னும் விரும்பித் தின்னும். புழு உண்மையில் மேய்வது தோலை அல்ல, தோல் அழுகும்போது அதில் படரும் நுண்ணுயிரைத்தான். பச்சைக் காய் அதற்குப் பழுக்காத காய் மாதிரி!

இரண்டு மூன்று மாதத்தில் புழு பெருகும். அதற்கேற்ப அளவைக் கூட்டலாம்.

பொடியாக நறுக்கிப் போட்டால் வேகமாகக் கரையும். ஒரே இடத்தில் குவிக்காமல், இன்று ஒரு மூலை, நாளை மறு மூலை என்று மாற்றி மாற்றிப் படுக்கைக்குள் புதைத்து, மேலே சருகு மூட வேண்டும். ஒரு பங்கு தோலுக்கு ஏறக்குறைய அதே பங்கு காய்ந்த இலையோ காகிதமோ சேர வேண்டும். முக்கால்வாசிப் பேர் இந்தச் சருகைத்தான் மறந்துபோகிறார்கள்.

பிடித்ததும் பிடிக்காததும்

வாழைப்பழத் தோல் என்றால் புழுவுக்கு உயிர். பூசணி, சுரை, பீர்க்கங்காய்த் தோல், கீரைத் தண்டு, முட்டைகோஸ் இலை, பப்பாளித் தோல் எல்லாம் சரி. காப்பிச் சக்கை கொஞ்சம் போடலாம். பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவைத்த டீத்தூளை ஒரு தடவை அலசிவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் எறும்புக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துத் தூவினால் புளிப்பும் அடங்கும், அரைவைக்கும் உதவும்.

வேண்டாதவை பட்டியலில் முதலிடம் எலுமிச்சம்பழத் தோலுக்கும் புளிச் சக்கைக்கும். சென்னைச் சமையலறையில் தினமும் விழுவது இந்த இரண்டும்தான்! சாம்பார், ரசம், பொரியல் மிச்சம் எதுவும் ஆகாது. உப்பும் எண்ணெயும் காரமும் புழுவின் தோலுக்கு விஷம். மீன் கழுவியது, கறி, தயிர் – இவை எலியைக் கூப்பிடும். வடித்த சோறு புளித்துச் சூடாகும். வெங்காயத் தோல் ஏதோ கொஞ்சம் என்றால் பரவாயில்லை, மூட்டையாகக் கூடாது.

புளிப்பைக் குறைக்கிறேன் என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். புழு வெந்து போகும்.

தேங்காய் நார், கறிவேப்பிலை ஈர்க்கு, மாங்கொட்டை எல்லாம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கெடுதல் இல்லை, சலிக்கும்போது எடுத்து எறியலாம்.

பூஜைப் பூவைக் குப்பையில் போட மனசு வராமல் பைபையாகச் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. காலில் மிதிபடக் கூடாது என்பது அவர்கள் கவலை. நைலான் நூலைப் பிரித்துவிட்டுப் பூவைப் புழுத் தொட்டியில் போட்டால், உரமாகித் துளசி மாடத்துக்கே திரும்பி வரும்.

பண்டிகை, விசேஷ நாள்களில்தான் கவனம் வேண்டும். பொங்கலன்று கரும்புச் சக்கையும் வாழை இலையும் மலையாகக் குவியும். ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய் முழுசாக நிற்கும். "இன்னிக்கு அதுங்களுக்கும் விருந்து" என்று அத்தனையையும் தள்ளினால் மறுநாள் கருமாதிதான்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நாயை விட்டுவிட்டுப் போக ஆள் தேட வேண்டும். புழுவுக்கு ஆளே வேண்டாம். கிளம்பும்போது நன்றாக ஈரப்படுத்தி, கொஞ்சம் தீனி புதைத்து, சருகு மூடிவிட்டுப் போனால் பதினைந்து நாள் படுக்கையையே தின்றுகொண்டு இருந்துவிடும்.

வெயில் சதமடித்தால்...

மே 4-ந் தேதி கத்திரி பிறக்கிறது. சென்னை வெயில் 100 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். டப்புக்குள் 95 டிகிரியைத் தாண்டினாலே புழு துவண்டுபோகும்.

மொட்டை மாடியில் வைத்திருப்பவர்கள் இப்போதே கீழே இறக்கிவிட வேண்டும். பகல் முழுதும் சூடு குடித்த காங்கிரீட் தரை ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலும் ஆகாது. வடக்குப் பார்த்த பால்கனி, மாடிப்படி நிழல், பாத்ரூம் ஓரம் – இவைதான் பாதுகாப்பு.

கோணிப்பையை நனைத்து மேலே போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கலாம். பானைத் தண்ணி ஜில்லென்று இருப்பது எப்படியோ அப்படியே மண் தொட்டியும் உள்சூட்டைக் குறைக்கும். கோடைக்குப் பிளாஸ்டிக்கைவிட மண் தொட்டி மேல். சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை.

வெயில் காலத்தில் தீனியைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். அழுகும் தீனியே சூட்டைக் கூட்டும். தர்பூசணித் தோல் நிறையத் தண்ணீர் விடும். மாம்பழத் தோல், பலாச் சுளைச் சக்கைக்குச் சின்ன ஈ கூட்டமாக வரும். நல்ல பழ சீசன்தான், ஆனால் புழுவுக்கு இல்லை!

எறும்பும் எலியும்

எறும்பு வந்தால் தொட்டி காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். செங்கல்லை எடுத்துவிட்டு, ஸ்டாண்ட் மேல் ஏற்றி, நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது பாட்டி காலத்து வித்தை. ஆனால் அந்தத் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருதரம் கொட்டி மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும். எறும்புக்குப் பயந்து டெங்குவை வாங்கிய கதையாகிவிடும்.

பெருச்சாளிக்கு ஓட்டை வழியே நுழைய முடியாதபடி கம்பி வலை அடிக்க வேண்டும். பூரானைக் கண்டால் எடுத்துப் போட வேண்டும். அது புழுவைத் தின்னும். காக்கையும் மைனாவும் மூடி திறந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் பந்தியை முடித்துவிடும்.

சாம்பல் நிறத்தில் தடித்த புழு ஒன்று கூட்டமாகத் தெரிந்தால் அலற வேண்டாம். அது கருப்பு நிற ஈ ஒன்றின் குஞ்சு. அதுவும் குப்பைதான் தின்கிறது. மண்புழுவைத் தொடாது. தீனி ஜாஸ்தி, ஈரம் ஜாஸ்தி என்று சொல்ல வந்த ஆள் அது.

நாற்றம் அடித்தால் மருந்து தேடி ஓட வேண்டியதில்லை. தீனியை நிறுத்தி, மெதுவாகக் கிளறி, சருகும் காகிதமும் சேர்த்து, ஒரு வாரம் விட்டால் தானே அடங்கும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நிலைமை தலைகீழ். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளின் தரைத்தளம் முழுகியது. அப்போது படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் டப்பு முதல் மாடிக்கு ஏற வேண்டும்.

உரம் எடுப்பது

இரண்டு மாதத்தில், டப்பின் உள்ளே டீத்தூள்போலக் கருப்பாக, உதிரியாக ஒன்று சேர்ந்திருக்கும். அதுதான் உரம்.

நாலைந்து நாள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்த வேண்டும். பிறகு பழைய பாலிதீன் ஷீட்டில், நிழலான ஆனால் வெளிச்சம் உள்ள இடத்தில், கோபுரமாகக் குவிக்க வேண்டும். வெளிச்சத்துக்குப் பயந்து புழு அடியில் இறங்கும். மேலே உள்ளதைக் கையால் வழித்து எடுக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வழிக்கலாம். கடைசியில் அடியில் பந்தாகச் சுருண்டு கிடக்கும் புழுவைப் புதுப் படுக்கைக்கு அனுப்பிவிடலாம்.

ரோஜா, மல்லி, கறிவேப்பிலைத் தொட்டிக்கு மாதம் ஒரு கைப்பிடி, மேல் மண்ணில் கலந்து கொடுத்தால் போதும். இது ரசாயன உரம்போல ஒரே வாரத்தில் பச்சையைக் காட்டாது. மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்து, நிதானமாக வேலை செய்யும்.

தட்டில் வடியும் கருப்புத் தண்ணியைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிக்கு ஊற்றலாம். நாற்றம் அடித்தால் ஊற்ற வேண்டாம். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினாவுக்கும் வேண்டாம்.

உரம் போட்ட தொட்டியில் கேட்காமலே தக்காளி, பூசணி, பப்பாளிக் கன்று முளைத்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. தோலோடு போன விதை, புழுவின் வயிற்றுக்குள் போகாமல் தப்பித்து வந்திருக்கிறது.

இப்போது தொடங்க நினைப்பவர்கள் புழு வாங்க அவசரப்பட வேண்டாம். டப்பும் படுக்கையும் மே மாதம் தயாராகட்டும். கத்திரி முடிந்து, ஜூனில் சூடு தணிந்த பிறகு புழு வாங்கி விட்டால், முதல் உரம் ஆகஸ்டு கடைசியில் கைக்கு வரும். மழைக்கு முந்திக் கத்தரி, வெண்டை விதைக்க அது சரியான நேரம்.